நான் வாசிக்காமல் விட்ட மூன்று வரிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாட்களாகப் பதில் எழுத உட்காருகிறேன். எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். திரும்ப வந்து உட்காருகிறேன். காகிதத்தில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. ஓசூரில் புதிதாக வரும் கம்பெனி. அதன் முன்னால் ஆறு ஏக்கர் தோட்டம். புல்தரை, ரோஜாப் பாத்தி, கேட்டிலிருந்து ஆபீஸ் வரை இரண்டு பக்கமும் மரம். நீ தனியாக எடுத்த முதல் காண்ட்ராக்ட். உன் நைனா இருந்திருந்தால் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார். நான் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு அலமாரியில் வைத்தேன். நர்சரி ஷெட்டில் இருக்கும் சின்னப்பொண்ணைத் தவிரச் சொல்ல ஆள் இல்லை. இந்த வீட்டில் இப்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிறது. நர்சரிக்குச் செடி வாங்க வருகிறவர்களிடம் செடியின் பெயரையும் விலையையும் சொல்வேன். மற்றபடி ராஜகிரி மலையின் நிழல் மாலையில் இறங்கி, பந்தலைக் கடந்து, வாசல்படி ஏறி உள்ளே வரும். தினமும் தவறாமல் வருவது அது ஒன்றுதான்.

கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாய். அமாவாசை கழிந்ததும் மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு குடும்பம் லாரியில் வருகிறது. தோட்டத்திலேயே ஷெட் போட்டுத் தங்க வைக்கப் போகிறாய். ‘நைனாவின் பச்சைப் பெட்டியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பு. அவர்கள் ரேஷன் கார்டுகளை வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வேலையில் ஓடிவிடுவார்கள்.’ மூன்று வரி. நீ இதை யோசித்து எழுதியிருக்க மாட்டாய். மண்வெட்டி அனுப்பு, ரப்பர் குழாய் அனுப்பு என்பதுபோல எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் அப்படித்தான் அந்தப் பெட்டி இருந்தது. மண்வெட்டிக்குப் பக்கத்தில்.

கடிதம் வந்தபோது சின்னப்பொண்ணு முற்றத்தில் பைகளில் செம்மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள். “தம்பி இன்னா எழுதிக்கிறான்? சாப்பாடு கீப்பாடு ஒத்துக்குதாமா? படிம்மா, கேக்கலாம்.” படித்தேன். ஓசூர் குளிரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அவளை விசாரித்திருந்ததைப் படித்தேன். அவள் சிரித்தாள். கடைசி மூன்று வரி வந்தது. வாய் தானாகத் தாண்டியது. ‘இப்படிக்கு சேகர்’ என்று முடித்தேன். முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. இதை நான் முன்பும் ஒருமுறை செய்திருக்கிறேன். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

உனக்கு அப்போது பதினாறு வயது. திண்டிவனம் ஹாஸ்டலில் இருந்தாய். அதனால் பாண்டிச்சேரி பக்கத்து மருந்துக் கம்பெனித் தோட்டத்தை நீ முழுதாகப் பார்க்கவில்லை. திறப்புவிழாவுக்கு ஒருமுறை வந்தாய், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. பச்சைப் புல்லின் மேல் நடந்துவிட்டு, “நைனா, இது நம்மளுதா?” என்று கேட்டாய். அந்தப் புல்லைப் பெண்கள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு துணுக்காக ஈரமண்ணில் அழுத்தி நட்டார்கள். நட்டபடியே பின்னால் நகர வேண்டும். முன்னால் நகர்ந்தால் நட்டதை மிதித்துவிடுவோம். வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் சுவர் வந்தால் அன்றைய வரிசை முடிந்தது.

அவர்களுடைய ரேஷன் கார்டுகள் பச்சைப் பெட்டியில் இருந்தன. யாரும் பிடுங்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் வேலைக்கு வந்த முதல் வருடம் மழையில் ஷெட் ஒழுகி இரண்டு பேர் கார்டு கூழாகிப் போனது. “எங்கிட்ட குடுங்க, பொட்டில வெக்கறேன், கறையான் அரிக்காது” என்றார் உன் நைனா. கும்பிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் வேலைக்கு வந்தபோது கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் கார்டு கொடுக்காதவனை நாங்கள் லாரியில் ஏற்றவில்லை. உதவி எப்போது பூட்டாக மாறியது என்று என்னால் ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியாது. பெட்டி அதேதான். மாதம் ஒருமுறை நானே பஸ் ஏறி அவர்கள் ஊர் ரேஷன் கடைக்குப் போய் அரிசியும் கிருஷ்ணாயிலும் வாங்கி, எரு ஏற்றிப்போகும் லாரியில் அனுப்புவேன். கடைக்காரர் கார்டுக் கட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, பன்னண்டு ஊட்டுக்கும் நீதான் குடும்பத் தலைவியா? எலெக்சன்ல நில்லு, ஜெயிச்சிருவ” என்பார். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது. உன் நைனாவின் இடுப்பில் இல்லை.

யாராவது கார்டைக் கேட்டால் நம் வீட்டில் ஒரு பதில் இருந்தது. “புல்லு பச்ச புடிக்கட்டும், வாங்கிக்க.” நட்ட புல் பச்சை பிடிக்க ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் இன்னொரு பக்கம் நட ஆரம்பித்திருப்போம். எப்போதும் எங்கோ ஒரு மூலையில் பச்சை பிடிக்காத புல் இருக்கும். செங்கல் சூளைக்காரர்கள்போல நாங்கள் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கட்டி வைக்கவில்லை. அடிக்கவில்லை. கூலி பாக்கி வைக்கவில்லை. உன் நைனா இதைப் பெருமையாகச் சொல்வார். “நம்ம ஆளுங்க நம்மள வுட்டுப் போ மாட்டாங்க.” போக முடியாது என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். எனக்குத் தெரியும். கார்டு இல்லாதவன் ஊரில் போய் என்ன சாப்பிடுவான், எந்த ஆபீஸில் போய் நான் இன்னார் என்று சொல்வான் என்று எனக்குத் தெரியும். நான் பி.ஏ. படித்தவள்.

அந்தப் படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலூரில் காலேஜ் முடித்துக் கல்யாணமாகி வந்தவளுக்கு எருவும் பதியனுமாக ஒரு வாழ்க்கை. உன் நைனா நல்ல மனிதர். ஆனால் நாள் முழுவதும் மேஸ்திரிகளோடு பேசிவிட்டு வந்து சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். பாண்டிச்சேரித் தோட்டத்தில் மாதக்கணக்கில் இருந்தபோது எனக்குப் பேச யாரும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ச்மேன் கேட்டைச் சாத்துவான். கை கால் கழுவிக்கொண்டு அவர்கள் என் ஷெட்டுக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். ஊரிலிருந்து வந்த போஸ்ட் கார்டுகளை நான் வாசித்துக் காட்டுவேன். அத்தனை முகமும் என்னையே பார்க்கும். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் அந்த நாட்களைக் கடந்தேன். இன்றுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அவர்களுக்கு நான் உதவி செய்வதாக அவர்கள் நினைத்தார்கள். அவர்கள்தான் எனக்குத் துணை.

திறப்புவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது சின்னப்பொண்ணுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அவள் அண்ணன் மண்டகப்பட்டில் யாரிடமோ சொல்லி எழுத வைத்தது. எட்டு வரி. வழக்கம்போல எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன். நலம். மழை இல்லை. அம்மன் கோயில் திருவிழா ஆடியில்தான். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. பிறகு மூன்று வரி. ‘வருகிற வியாழக்கிழமை தாசில்தார் நம் ஊருக்கு வந்து வீட்டுமனைப் பட்டா கொடுக்கிறார். லிஸ்டில் உன் பெயரும் இருக்கிறது. ரேஷன் கார்டோடு நேரில் வரவும்.’

என் கண் அந்த மூன்று வரியை என் வாய்க்கு முன்பே படித்துவிட்டது. கிழக்குப் பக்கம் அரை ஏக்கர் இன்னும் வெறும் மண். அவள் போனால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் போவார்கள். லிஸ்டில் அவர்கள் பெயரும் இருக்கும். நடுவதற்கு ஆள் இருக்காது. ஒரு மூச்சு விடும் நேரம். அவ்வளவுதான். கடைசி வரிக்குத் தாவினேன். “எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்” என்று முடித்தேன். உன் நைனா அங்கே இல்லை. அவர் சொல்லி நான் செய்யவில்லை. பிறகும் நான் அவரிடம் சொல்லவில்லை. இதை அவர் தலையில் நீ வைக்கக் கூடாது.

“எம்மா, குட்டி கெடாவா பொட்டையான்னு எழுதிக்கிறானா?” என்று கேட்டாள் சின்னப்பொண்ணு.

“அதெல்லாம் எழுதலை.”

“எழுத மாட்டான். எங்கண்ணன் வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்.”

அவள் புருஷன் ஏழுமலை பீடியைக் காதில் செருகிக்கொண்டே, “நீ பேசனது போவ மிச்சம் இருந்தா தானடி அவன் பேசுவான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒரு புல் துணுக்கை எடுத்து அவன் மேல் எறிந்தாள். போஸ்ட் கார்டு என் கையில் இருந்தது. அதை அவளிடம் கொடுக்கவில்லை. படிக்கத் தெரியாதவளுக்குக் கார்டு எதற்கு? அவள் கேட்கவும் இல்லை. பெட்டியைத் திறந்து அடியில் போட்டேன்.

வியாழக்கிழமை அவர்கள் பின்னால் பின்னால் நகர்ந்து புல் நட்டார்கள். நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எல்லோருக்கும் மோர் கொடுத்தேன். சாதாரணமாகக் கொடுப்பதில்லை. “இன்னாம்மா விசேசம்?” என்று கேட்டார்கள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கல் நட்டு மனை பிரித்தாகிவிட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை, கார்டு இல்லை என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களுக்கும் அதே கதி. ஆனால் அவர்களில் சிலர் பெற்றோர் மனையில் ஒதுங்கிக்கொண்டார்கள், சிலர் மறுபடி மனு கொடுத்தார்கள். சின்னப்பொண்ணு அண்ணனிடம் போனாள். கார்டு போட்டேனே என்றான் அவன். “வந்துச்சி. அம்மா படிச்சாங்க. ஆடு குட்டி போட்டது தான் இருந்துச்சி. என்னை ஏமாத்தப் பாக்கறியா?” என்றாள் இவள். அவனுக்கு மனை கிடைத்திருந்தது. பக்கத்து மனை அவன் சம்பந்திக்குக் கிடைத்திருந்தது. அது போதும் அவளுக்கு. கூடப் பிறந்தவனை நம்பவில்லை. என்னை நம்பினாள்.

அன்றிலிருந்து அவளும் ஏழுமலையும் நம் நர்சரி ஷெட்டில்தான். ஏழுமலை அங்கேயே செத்தும் போனான். “சின்னப்பொண்ணு நம்ம ஊட்டு மனுசி” என்று உன் நைனா ஊரெல்லாம் சொல்வார். நீயும் அப்படியே சொல்லி வளர்ந்தாய். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் உனக்கு மீன் குழம்பு வைத்தாள். அவள் போக இடமில்லாமல் இருந்ததை நாம் பாசம் என்று சொல்லிக்கொண்டோம். அவளுக்குப் பாசமும் இருந்தது. அதனால்தான் இத்தனை வருடம் என்னால் வாய் திறக்க முடியவில்லை. உன் நைனா போன பிறகு மற்றவர்களின் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுடையது மட்டும் பெட்டியில் இருந்தது. புது கார்டு மாற்றியபோதும் நானே வாங்கி உள்ளே வைத்தேன். அவள் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை. கார்டை எடுக்க வேண்டுமென்றால் அடியில் இருக்கும் போஸ்ட் கார்டையும் பார்க்க வேண்டும்.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதலில் உன் கடிதத்தை வாசித்தேன், கடைசி மூன்று வரியோடு. “அன்னிக்கு இத்தப் படிக்கலையே நீ” என்றாள். ஆமாம் என்றேன். பிறகு பெட்டியைத் திறந்து அந்தப் போஸ்ட் கார்டை எடுத்தேன். ஓரமெல்லாம் பழுப்பு. எட்டு வரியையும் வாசித்தேன்.

அவள் குனிந்து கார்டைப் பார்த்தாள். கையில் செம்மண். “இன்னொரு தபா படி” என்றாள். படித்தேன். “எம் பேரு எங்க இருக்குது?” காட்டினேன். பெருவிரலை அதன்மேல் வைத்தாள். எடுத்தபோது சிவப்பாக ஒரு தடம்.

“எங்கண்ணன் அவன் பொண்ணு கண்ணாலத்துக்குக் கூப்பட இங்க வந்து நின்னான். ‘வாம்மா, பழச மறந்துரு’ன்னான். நாய வெரட்ற மாரி வெரட்னேன். நீ பாத்துக்கினு தான இருந்த?”

“இருந்தேன்.”

“அவனுக்கு டீ போட்டு குடுத்த.”

“கொடுத்தேன்.”

“சக்கரை போட்டியா?”

அவள் எழுந்து தொட்டியில் கை கழுவினாள். நிதானமாக, நகக்கண் வரை. நான் அவள் ரேஷன் கார்டை நீட்டினேன். வாங்கினாள். போஸ்ட் கார்டையும் கேட்டு வாங்கினாள். இரண்டையும் சேர்த்து மடியில் செருகிக்கொண்டாள். பாதி நிரப்பிய பைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போனாள். வாசலில் நின்று திரும்பினாள். “எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா நானு.” விழுப்புரம் பஸ் போகிற நேரம் அது.

அவள் மண்டகப்பட்டுக்குத்தான் போயிருப்பாள். உன்னிடம் வர இருக்கும் பன்னிரண்டு குடும்பமும் அங்கேதான் இருக்கிறது. நாளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உன் லாரி போய் நிற்கும்போது எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் ஏறாமலும் போகலாம். உன் முதல் காண்ட்ராக்ட் என்னால் கெடலாம். அது தெரிந்துதான் செய்தேன். கோபப்படு. ஆனால் எனக்குக் கோபமாக எழுதுவதற்கு முன் அந்த ஆறு ஏக்கரை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு எழுது. கேட் எந்தப் பக்கம் இருக்கிறது, அதை யார் சாத்துகிறார்கள் என்று பார். உள்ளே இருப்பவன் வெளியே போக யாரைக் கேட்க வேண்டும் என்று பார். உன்னைத்தான் என்றால் உன்னிடமும் ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது.

நீ நல்லவன். எனக்கு அதனால்தான் பயம். கெட்டவனாக இருந்தால் உன் ஆட்கள் உன்னைச் சந்தேகப்படுவார்கள், தப்பித்துக்கொள்வார்கள். நல்லவனிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்காமலே கொடுத்துவிடுவார்கள். மழைக்குக் கார்டு நனையும் என்றால் கூரையைச் சரி பண்ணு. பாதி வேலையில் ஒருவன் போகிறேன் என்றால் அன்றுவரை உள்ள கூலியைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடு. புல் காய்ந்தால் காயட்டும். கம்பெனிக்காரனிடம் போய் நாள் கேள். அவன் முன்னால் தலை குனிவது உனக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கு அன்று அந்தக் கஷ்டம் வேண்டாமென்று தோன்றியது. அதற்குத்தான் ஒரு பெண்ணின் வீட்டை எடுத்துக்கொண்டேன்.

அவர்களுக்குக் கடிதம் வந்தால் நீ வாசிக்காதே. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கும், தபால்காரர் இருப்பார், யாராவது இருப்பார்கள். வேலை கொடுப்பவனே கடிதமும் வாசிக்கக் கூடாது. உனக்கும் அந்த ஊரில் தனியாகத்தான் இருக்கும். சாயங்காலம் அவர்கள் முகங்கள் உன்னைச் சுற்றி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். அப்போது என்னை நினைத்துக்கொள்.

பெட்டியை அனுப்பவில்லை. மூடியைத் திறந்து முற்றத்தில் வைத்துவிட்டேன். அவள் விட்டுப்போன பைகளில் நானே மண் நிரப்ப ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பைக்கு மேல் இடுப்பு நிமிரவில்லை. சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து வரும் பஸ் நம் வாசலைத் தாண்டித்தான் போகிறது. இன்று அது நிற்காமல் போனது. நாளைக்கும் பார்ப்பேன். அவள் வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பார்க்க மட்டும்தான் முடியும்.

லாரியில் யாராவது வந்தால், ஒரே ஒரு குடும்பம் வந்தாலும், முதல் நாள் மண்வெட்டி எடுப்பதற்கு முன் எல்லோரையும் உட்கார வை. இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. உன் பெயரையும் என் பெயரையும் மறைக்காதே. முடித்ததும் அவர்களில் நாலு எழுத்துத் தெரிந்தவர் கையில் இதைக் கொடு. அப்படி யாரும் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வா. அவரை முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிக்கச் சொல். நீ ஏதாவது விட்டாயா என்று அவர்கள் சரிபார்க்கட்டும்.

அம்மா